தட்டு மாறிய சனிக்கிழமை

போன வாரம் கீதாவைக் கையில் ரவை டப்பாவோடு அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

வறுப்பதா, மூடி மேலே வைப்பதா என்று அவளுக்கு முடிவாகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிற நாளில் கேசரி கிளறாமல் இருக்க அவள் கை பழகவில்லை. இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை கிளறியிருக்கிறாள். ஐந்து தடவையும் அந்தக் கேசரி வைத்தது வைத்தபடி, மேலே பதித்த முந்திரிகூட இடம் மாறாமல் அடுப்படிக்கே திரும்பி வந்தது.

நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், மிஞ்சினால் காபி. பெண் பிடித்து, பேச்சும் கூடி வந்த பிறகுதான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பெண் வீட்டார் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதனால் சாப்பிடாமல் எழுந்து போகிறவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லி விடுகிறோம் என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சொல்லித்தான் விடமாட்டார்கள்.

ஐந்தாவது தடவை, வீதி முனை நாய்க்கு அந்தக் கேசரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள் வாணி. கோகிலவாணி என்று பெயர் வைத்து வாணி என்று கூப்பிடுகிற ஒரே மகள். இருபத்தொன்பது வயது. மசாலாப் பொடி கம்பெனி ஒன்றில் பாக்கெட், லேபிள், தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

"இனி நம்மூட்டுக்கு வந்து ஒருத்தரும் தட்டத் தொடாமப் போக வேண்டாம்மா. பாக்கறவங்க வெளிய எங்காச்சும் பாக்கட்டும்" என்று அன்றைக்குச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் கீதாவால் மறுத்துப் பேச முடியவில்லை.

அப்படி அமைந்ததுதான் இந்தப் பர்கர் கடை. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின்மேல், முன்பு டைல்ஸ் கடை இருந்த இடத்தில் திறந்து பத்து நாள்தான் ஆகிறது. காங்கேயத்து மாப்பிள்ளை வீட்டாருக்கும் தோதாகப் போயிற்று. சனிக்கிழமை காலையில் காரமடைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, திரும்புகிற வழியில் ஒரு மணிக்கு வந்து விடுகிறோம் என்று தரகர் மூலமாகச் சொல்லி விட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை. அவரவர் சாப்பிடுவதை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கடையானாலும் பேச்சு முடியும் முன்னால் பெண் வீட்டார் வாங்கித் தந்ததை மாப்பிள்ளையின் அப்பா நஞ்சுண்டன் தொடமாட்டாராம்.

கீதா ரவை டப்பாவை மூடி மேலே வைத்தாள்.

இன்னொன்றையும் அவள் மூடித்தான் வைத்திருந்தாள். அதுதான் நான்கு நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது.

வாணிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பவானிப் பக்கத்தில் நிச்சயம் நடந்தது. வெற்றிலை பாக்கு மாற்றி, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது அந்தப் பையன் வெளிநாட்டிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தது. வாணிமேல் ஒரு துரும்பளவு தப்பும் இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் சொல்லி விடாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று தரகர் அடித்துச் சொன்னார். இந்தத் தடவை அந்தக் கதையைக் காங்கேயத்தார் காதில் போட வேண்டாம், தாலி ஏறிய பிறகு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்றார். கீதாவின் கணவர் பாலுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீதாதான் சரி என்று தலையாட்டினாள்.

வாணி அந்த நேரம் வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று கீதாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் கவனித்திருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து மகள் முகத்தில் ஒரு தெளிவு. இன்று காலையில் யாரும் சொல்லாமலே பச்சை நிறச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். தலைக்குப் பூகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தத் தெளிவைப் பார்க்கப் பார்க்கத்தான் கீதாவுக்குப் பயம் கூடியது.

கடைக்குள் போனதும் பாலுசாமிக்கு முதல் சோதனை. கல்லாவில் ஆள் இல்லை. ஆள் உயரத்துக்குப் பெரிய செல்போன் ஒன்றை நட்டு வைத்த மாதிரி ஒரு திரை. வேண்டியதை அதிலேயே தொட்டுச் சொல்ல வேண்டுமாம். பாலுசாமி தொட்டார். திரை அசையவில்லை. அழுத்தித் தொட்டார். அதற்கும் அசையவில்லை. முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்று பம்புக்கு உதிரி கடைந்த விரல். காய்த்துப் போன அந்த விரலைத் திரை விரலென்றே ஏற்றுக்கொள்ளவில்லை.

"என்ற கையி செத்துப் போச்சாட்ட இருக்குது அம்மணி" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் காங்கேயத்தார் உள்ளே வந்தார்கள். முன்னால் நஞ்சுண்டன். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் நாமம், அறுபதைத் தொட்ட உடம்பில் தொப்பை என்பதே இல்லை. காங்கேயத்தில் தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைக்கிற களம் வைத்திருக்கிறார். பின்னால் அவர் மனைவி பழனாத்தாள், கையில் துளசி மாலை வைத்த பூக்கூடை. கடைசியாக மகன் உதய். நல்ல உயரம். வந்தவன் கீதாவைப் பார்த்துக் கும்பிட்டான், பாலுசாமியைப் பார்த்துக் கும்பிட்டான், வாணியைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான். வெட்கம் என்று கீதா நினைத்துக்கொண்டாள்.

பாலுசாமி படுகிற பாட்டைப் பார்த்து நஞ்சுண்டன் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் தேங்காய் மட்டை பிடித்த விரல். அதையும் திரை மதிக்கவில்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தரகரும் செய்து வைக்க முடியாத அறிமுகம் அது.

கடைசியில் உதய் தன் வீட்டுக்கும், வாணி தன் வீட்டுக்குமாகத் தனித்தனியாகத் தொட்டுச் சொன்னார்கள். கோயிலுக்குப் போய் வந்த நாள் என்பதால் காங்கேயத்தாருக்குக் கவுச்சி ஆகாது. நஞ்சுண்டனுக்கு அன்று ஒரு பொழுது வேறு. காலையிலிருந்து துளசித் தீர்த்தம் தவிர வாயில் ஒன்றும் படவில்லை. இங்கே இரண்டுக்கும் தனித்தனி அடுப்புதானா என்று அவர் மூன்று தடவை விசாரித்தார். மூன்று தடவையும் உதய் உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுச் சொன்னான்.

வாணி தனக்கும் அம்மாவுக்கும் பன்னீர் வைத்த பர்கர் சொன்னாள். அப்பாவுக்கு மட்டும் கோழி.

ஒரு நீள மேஜையில் ஆறு நாற்காலி. அந்தப் பக்கம் மூவர், இந்தப் பக்கம் மூவர். சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. பிள்ளைகள் கத்துகிற கத்தில், பெண் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரிய வழியில்லை. வாணி நினைத்தது நடந்தது.

பழனாத்தாள் பேச்சை எடுத்தாள். என்ன படிப்பு, வேலை எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து கம்பெனிக்கு எப்படிப் போய் வருகிறாய் என்று ஒவ்வொன்றாக, சோறு பிசைந்து ஊட்டுகிற பக்குவத்தில் கேட்டாள். ஸ்கூட்டரில் என்று வாணி சொன்னதும், தானும் போன வருஷம் கற்றுக்கொண்டதாகவும், வலப்பக்கம் திருப்ப மட்டும் இன்னும் பயமாக இருப்பதால் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வீடு வந்து சேர்வதாகவும் சொன்னாள். வாணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கீதாவுக்குக் கண் கரித்தது.

எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். உதய் ஒரு தட்டும், பாலுசாமி ஒரு தட்டுமாகப் போய் எடுத்து வந்தார்கள். அவரவர் தட்டு அவரவர் முன்னால். எல்லா உருண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் சுற்றியிருந்தது.

நஞ்சுண்டனுக்கு நல்ல பசி. கண்ணை மூடி ஒரு வினாடி பெருமாளை நினைத்தார். காகிதத்தைப் பாதி உரித்து மடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி வாய்க்கு நேராகக் கொண்டுபோனார்.

வாணி எழுந்தாள். மேஜைமேல் எட்டி, அவர் கையில் இருந்ததை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரிய மனிதர் வாயருகில் போனதைப் பிடுங்குகிற பெண்ணை யார் கட்டிக்கொண்டு போவார்கள்?

"மன்னிச்சுக்குங்க. இது கோழிங்க" என்றாள் வாணி. காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். மடித்த பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. "பச்சையா இருக்கோணும். உள்ள மாத்திப் போட்டுட்டாங்க."

தினமும் ஆயிரம் பாக்கெட்டில் அந்தப் புள்ளியைப் பார்க்கிற கண் அது. எதிரில் இருந்ததால் அவளுக்குத்தான் தெரிந்தது. நஞ்சுண்டன் அந்தப் புள்ளியையே பார்த்தார். முப்பது வருஷமாகச் சனிக்கிழமை விரதத்தில் ஒரு நாள் பிசகாதவர். நெற்றியில் நாமம் இன்னும் காயவில்லை.

"பெருமாள் காப்பாத்திப்போட்டாரு" என்றார் மெதுவாக.

மாற்றி வாங்கி வருகிறேன் என்று உதய் எழுந்தான். சாப்பாடு எடுக்கிற இடத்தில் இருபது பேர் நின்றார்கள். நிற்கிற நேரத்தில் மனிதர் பசியில் துவண்டுவிடுவார். வாணி யோசிக்கவே இல்லை. தன் முன்னால் இருந்ததை எடுத்தாள், காகிதத்தைப் புரட்டிப் பச்சைப் புள்ளியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள், அவர் கையில் கொடுத்தாள். பசித்த மனிதருக்குச் சோறு எடுத்து வைக்கிற மாதிரிதான் செய்தாள். வேறு எதுவும் அவள் மனதில் இல்லை.

நஞ்சுண்டனும் யோசிக்கவில்லை. வாங்கினார், கடித்தார். மயோனைஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. பன்னீரா, நல்லாத்தான் இருக்குது, ரொட்டிதான் கொஞ்சம் இனிக்குது என்று நியாயம் சொல்லிக்கொண்டே முழுசையும் தின்று முடித்தார். விரலில் ஒட்டியதைக்கூட விடவில்லை.

அந்த மேஜையில் நடந்தது இன்னதென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். கீதா பழனாத்தாளைப் பார்த்தாள். பழனாத்தாளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் முன்னால் இருந்த உருண்டை இன்னும் பிரிக்காமலே கிடந்தது.

"ஏனுங்க" என்றாள் பழனாத்தாள், கணவர் காதருகில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது அவிய வாங்குனதுங்க."

நஞ்சுண்டன் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் வழிந்ததைப் பார்த்தார். பிரித்துப் போட்ட காகிதத்தைப் பார்த்தார். பாலுசாமி தன் கோழியைக் கடிப்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வீட்டில் பெண் பார்த்து, தண்ணீரோடு எழுந்து வந்தவர் நஞ்சுண்டன். தரகரே சொல்லியிருக்கிறார். அவர் கையில் ஒரு விள்ளல் வைக்க முடிந்தால் அந்த இடம் முடிந்த மாதிரி என்று. இப்போது ஒரு விள்ளல் அல்ல, முழுசே போயிருக்கிறது.

நஞ்சுண்டன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"பெருமாளச் சேவிச்சுட்டு வந்த கையி. ஊடா கடையான்னு அது பாக்குமுங்களா? நனைஞ்சது நனைஞ்சதுதான்" என்றார். "எங்கூட்டுல நனைச்ச கைக்குப் பேச்சு மாறாது. மத்ததெல்லாம் ஒரு நல்ல நாள் பாத்துப் பேசிக்கலாமுங்க."

பாலுசாமி எழுந்து நின்றுவிட்டார். கும்பிட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கீதாவின் நெஞ்சுக்குள் ஒரு மத்தாப்பு கொளுத்தினாற்போல் இருந்தது. இரண்டு வருஷமாகக் கேட்ட வரம். கேட்ட இடத்தில் கிடைக்காமல், கும்பிடாத இடத்தில், நாற்காலி தரையோடு திருகி வைத்த ஒரு கடையில் கிடைத்திருக்கிறது. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஒரு நல்ல நாள், அப்புறம் ஒரு முகூர்த்தம். பேச்சு மாறாத மனிதர். பவானிக் கதை பின்னால் தெரிந்தால்கூட, கொடுத்த வார்த்தைக்காகத் தன்னை அடக்கிக்கொள்வார்.

அடக்கிக்கொள்வார். அந்த வார்த்தை நெஞ்சில் வந்து முட்டிய இடத்தில்தான் கீதா நின்றுபோனாள்.

தினமும் ஒரு மாமனார் தன்னை அடக்கிக்கொள்கிற வீட்டில், மகள் எப்படிச் சிரிப்பாள்?

மகளைத் திரும்பிப் பார்த்தாள். வாணி முகத்தில் சந்தோஷம் இருந்தது. நிஜமான சந்தோஷம். அவள் உதயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதய் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீதா தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள் நஞ்சுண்டனைப் பார்த்து. "நீங்க குடுத்த வார்த்தைய நாங்க இப்ப வாங்கிக்க முடியாதுங்க."

மேஜைக்கு அடியில் பாலுசாமியின் கால் அவள் காலை அழுத்தியது. அவள் தன் காலை இழுத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணுக்கு இதுக்கு மிந்தியே ஒருக்கா நிச்சயமாச்சுங்க. பவானிப் பக்கமுங்க. பத்திரிகையெல்லாம் அடிச்சு, இருவது நாள் இருக்கறப்ப நின்னு போச்சு. அந்தப் பையன் வெளிநாட்டுல வேற பொண்ணக் கட்டிக்கிட்டான். இவ மேல ஒரு தப்புமில்லீங்க. ஆனா உங்ககிட்ட மறைச்சது தப்புங்க. தரகர் சொன்னாருன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். நாந்தான் சரின்னு தலையாட்டினேன்."

பக்கத்து மேஜையில் ஒரு குழந்தைக்குப் பிறந்த நாள் பாட்டு ஆரம்பித்தது. கீதா அது முடியும் வரை காத்திருக்கவில்லை.

"அந்தப் பவானிக்காரவியளும் எங்கூட்ல கை நனைச்சவியதானுங்க. எல போட்டு, ரசத்த ரெண்டாம் வாட்டி வாங்கிச் சாப்புட்டவிய. அதனால சாப்புட்டுப்போட்டோமுன்னு சொல்லாதீங்க. எம்பொண்ணப் புடிச்சிருந்தா, புடிச்சிருக்குதுன்னு சொல்லுங்க. இல்லாட்டி எந்திரிச்சுப் போயிருங்க. கடைதானுங்களே. ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

சொல்லி முடித்ததும் பாலுசாமி அவளைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கோழியைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் முழங்கைமேல் கையை வைத்தார். திரை ஏற்காத அந்தக் காய்ப்பு விரல்கள் சூடாக இருந்தன.

ஆனால் நடந்ததிலேயே பெரியது இனிமேல்தான் நடந்தது. வாணி அம்மாவைப் பார்க்கவில்லை. நஞ்சுண்டனைப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டேன்னு மெசேஜ் போட்டீங்களே" என்றாள் உதயிடம்.

கீதாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வாணி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விளங்கியது. தரகர் பேச்சு வாணியின் காதில் விழுந்திருக்கிறது. ஜாதகத்தோடு வந்த காகிதத்தில் இருந்த எண்ணுக்கு, வியாழக்கிழமை அவளே கூப்பிட்டு எல்லாவற்றையும் உதயிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். நேற்று, சொல்லியாயிற்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று செய்தியும் அனுப்பியிருக்கிறான். அந்தத் தெளிவு, அந்தப் பச்சைச் சேலை, அந்தச் சிரிப்பு எல்லாம் அதை நம்பித்தான். தெரிந்தேதான் இவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் அந்தப் பெண் நஞ்சுண்டன் கையில் தன் சாப்பாட்டை வைத்தாள்.

"சொல்லத்தானுங்க களத்துக்குப் போனேன்" என்றான் உதய். "ஆளுங்க இருந்தாங்க. கோயிலுக்குப் போற வழியில சொல்லிக்கலாமுன்னு..."

நஞ்சுண்டன் மகனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கப்பா."

"ரெண்டு நாளாவா?"

உதய் தலையாட்டினான்.

"தேங்காயத் தட்டிப் பாத்தே உள்ள இருக்கறதச் சொல்லிப்போடுவேன்னு ஊருக்குள்ள எனக்கொரு பேரு" என்றார் நஞ்சுண்டன். குரலில் கோபத்தைவிட வேறு என்னவோ அதிகம் இருந்தது. "கூடவே கார்ல உக்காந்து வந்தவன் மனசுல இருக்கறது எனக்குத் தெரியல."

எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கீதாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், அதில் மரியாதைக் குறைவு இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு உதய் பின்னாலேயே ஓடப் போனான். பழனாத்தாள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீ எங்க ஓடற? அப்பன நான் பாத்துக்கறேன். மொதல்ல அந்தப் புள்ளைக்குப் பதிலச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். வாணி காத்திருந்தாள். அழவில்லை. அவன் என்ன சொல்லப் போகிறான் என்பதைவிட, இனி அவன் சொல்வதை எப்படி நம்புவது என்று அவள் யோசிப்பது கீதாவுக்குத் தெரிந்தது. பெற்ற வயிறு. கேட்காமலே தெரியும்.

பழனாத்தாள் தன் முன்னால் பிரிக்காமல் கிடந்ததை ஓரமாகத் தள்ளினாள். கீதா வீட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் கீதா தொடாத பன்னீர் உருண்டை இருந்தது. காகிதத்தைப் பிரித்தாள். நகை எடை போடுகிற நிதானத்தோடு இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைக் கீதாவின் கையில் வைத்தாள்.

"அக்கா, வேண்டாமுங்க. அவரு கோவத்துல இருக்கறாரு" என்றாள் கீதா.

"இருக்கட்டும். அவரு தெரியாம நனைச்சாரு. நான் தெரிஞ்சே நனைக்கறேன்" என்றாள் பழனாத்தாள். "எனக்கு உம்பொண்ணப் புடிச்சிருக்குது அம்மணி. கட்டிக்கறவனச் சொல்லல. நான் என்னையத்தான் சொல்றேன்."

கடித்தாள். மென்றாள். விழுங்கினாள்.

கீதா தன் பாதியை வாயில் வைத்தாள். உப்பாக இருந்தது. கண்ணீரா, பன்னீரா என்று தெரியவில்லை.

வெளியே ரோட்டோரம் அவர்கள் கார் நின்றது. அதன் பக்கத்தில் நஞ்சுண்டன் இல்லை. பாலுசாமிதான் முதலில் கண்டுபிடித்து, கண்ணாடி வழியாகக் கை காட்டினார். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி ஒன்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தது. குடை இல்லை, பை இல்லை. காந்திபுரம் பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

வாணிக்குப் பதில் சொல்லாமலே உதய் பதறி எழுந்தான். பழனாத்தாள் எழவில்லை.

"போவட்டும். காங்கேயம் போய்ச் சேர மூணு பஸ் மாறோணும். கோவம் ரெண்டாவது பஸ்ஸுலயே எறங்கிப் போயிரும்" என்றாள்.

எல்லோருக்கும் தைரியம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அந்த பஸ் மேம்பாலத்துப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. வாயில் போட்ட அடுத்த விள்ளல் மெல்லப்படாமல் அப்படியே நின்றிருந்தது.